எதையும் ஒப்புக்கொள்ளாத ஆபீஸின் வரலாறு

பாரிமுனையில், கோர்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பேப்பர் கடைக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் நடுவில், ஒரு வக்கீல் ஆபீஸ் இருந்தது; நூற்றைம்பது வருஷமாக இருந்தது; அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை, அதை நடத்தியவர்களின் பெயர்களையும் சொல்லப்போவதில்லை, பயந்துகொண்டு விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், காரணம் கடைசியில் உங்களுக்கே தெரியும். அந்த ஆபீஸின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா மலருக்கு வரலாறு எழுதிக் கொடு என்று என்னைக் கூப்பிட்டார்கள். கும்பாபிஷேக மலர், மில் முதலாளியின் மணிவிழா மலர் என்று யார் கேட்டாலும் ‘அன்னாரது தொண்டு அளப்பரியது’ என்று எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். மலருக்கு எழுதியது வேறு. இது அவர்கள் கேட்காத வரலாறு.

ஆபீஸின் முதலாமவர் காஞ்சிபுரம் பக்கமிருந்து மாட்டுவண்டியில் வந்து, வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, துரை சீமைக்குக் கப்பலேறியதும் அவருடைய மேஜையையும் நாற்காலியையும் கட்சிக்காரர்களையும் தன்னுடையதாக்கிக்கொண்டவர். அவருக்கு வந்த முதல் பெரிய கேஸில் ஒரு ஜமீன்தார் தன் கையெழுத்தைத் தன்னுடையதில்லை என்று சொல்ல ஆசைப்பட்டார். இவரோ கையெழுத்து மட்டுமல்ல, அதைப் போட்ட கையே ஜமீன்தாருடையது என்று நிரூபிக்கப்படவில்லை என்று வாதாடி ஜெயித்துவிட்டார். மற்ற வக்கீல்கள் பதில் மனு எழுதும்போது, ஒப்புக்கொண்டவை தவிர மற்றவை யாவும் மறுக்கப்படுகின்றன என்று ஆரம்பித்து, ஊர் பேர் விலாசத்தையாவது மரியாதைக்கு ஒப்புக்கொள்வார்கள். முதலாமவர் அந்தத் ‘தவிர’வைக் கோடு போட்டு அடித்தார். எல்லாம் மறுக்கப்படுகின்றன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆபீஸிலிருந்து போன எந்தப் பதில் மனுவும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

பழக்கம் வழக்கமாகி, வழக்கம் வைராக்கியமாகி, வைராக்கியம் பரம்பரைப் பெருமையும் ஆகிவிட்டது. ஜூனியராகச் சேர வருகிறவனை முதலாமவரின் படத்துக்கு முன்னால் நிறுத்தி, அவனுடைய அப்பாவின் பெயரைச் சொல்லி, இவர் உன் தகப்பனார்தானே என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொன்னவனைக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், நிரூபிக்கட்டும் என்று சொன்னவனுக்கு வேலை. அந்த வாசலுக்குள் சாப்பிட்டாயிற்றா என்று யாரையாவது கேட்டால் சாப்பிடவில்லை என்று சொல்வதற்கில்லை என்று பதில் வரும். முதலாமவர் சாகக் கிடந்தபோது வலிக்கிறதா என்று டாக்டர் கேட்க, மறுக்கிறேன் என்று சொல்லி உயிரை விட்டாராம். அதை வெண்கலப் பலகையில் வெட்டிப் படியேறும் இடத்தில் மாட்டி, மூன்று தலைமுறையாக அதற்குப் பூச்சரம் சாத்தினார்கள். நான் போன காலத்தில் ஆபீஸை நடத்தியவர் கொள்ளுப்பேரன், அறுபதைத் தாண்டியும் எல்லோருக்கும் சின்ன ஐயா. அவருக்கு உதவியாக அவர் சம்சாரத்தின் தம்பி, மைத்துனர். இவர் நல்ல மனுஷர் என்று பேர், அதாவது தப்பு நடக்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர்.

இனி தேசம்மா. நகரத்தின் வடமேற்கு ஓரத்தில் அல்லியேரி என்று ஒரு ஊர், அதே பெயரில் ஒரு ஏரி. தேசம்மா அந்த ஊரில் சித்தாள் வேலை செய்தவள், புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், ஒரே ஒரு மகன். அவன் பெயரையும் நான் இப்போது சொல்லவில்லை. அது வரவேண்டிய இடத்தில் வரும். வீட்டுமனைக் கம்பெனி ஒன்று ஏரிக்குள் மண் வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே ஏரியின் ஓரத்தை மேடாக்கி மனை போட்டது. மழை வந்து குழியும் ஏரியும் ஒரே தண்ணீராகிவிட, முழங்கால் ஆழம்தான் என்று தூண்டிலோடு இறங்கிய பையன் குழிக்குள் போய்விட்டான். தேசம்மா கம்பெனி மேல் கேஸ் போட்டாள். கம்பெனி நம் ஆபீஸுக்கு வந்தது.

சின்ன ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கி, கொள்ளுத்தாத்தா சொன்னதுபோலவே சொல்லச் சொல்ல டைப் அடிக்கப்பட்டது: அல்லியேரி என்று ஒரு ஏரி இல்லை, ஏரி இல்லாததால் குழி இல்லை, குழி இல்லாததால் அதில் யாரும் மூழ்கவில்லை, வாதிக்கு மகன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை. மனு கோர்ட்டுக்குப் போய் அதன்மேல் முத்திரை விழுந்தது. அந்த நேரத்தில் ஏரி இல்லாமல் போயிற்று.

ஏன் அன்றைக்கு, ஏன் அந்த மனுவுக்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது; ஒரே சொல்லை ஒரே இடத்தில் உட்கார்ந்து நூற்றைம்பது வருஷம் சொன்னால் அது ஒருநாள் பலித்துத்தானே தீரும், நல்ல சொல்லாக இருந்தால் மந்திரம் என்போம். ஏரி வற்றவில்லை, வற்றியிருந்தால் சேறு இருக்கும், நத்தை ஓடு இருக்கும். அங்கே புல் முளைத்த சமதரை இருந்தது, மனைக்கல் நட்டிருந்தது, படித்துறையின் படிகள் மட்டும் இறங்கி இறங்கிப் போய்க் கட்டாந்தரையில் முட்டி நின்றன. கொக்குகள் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று பார்த்துவிட்டு வெட்கப்பட்டதுபோல் எழுந்து போயின. இடுகாட்டில் ஒரு மண்மேடு தரையோடு தரையானது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் அவனுக்கு முன்னால் இருந்தவனும் பின்னால் இருந்தவனும் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள். தேசம்மா வீட்டுச் சுவரில் இருந்த போட்டோவில் அவள் மட்டும் இருந்தாள், வலது கையை வெறும் காற்றின் தோள்மேல் போட்டுக்கொண்டு. அவள் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் திறந்தது, பெயர் வரவில்லை. ஊரில் யாருக்கும் வரவில்லை. எல்லோருக்கும் அவனை நினைவிருந்தது, அவன் தூண்டில் முள்ளைக் காது மடலில் மாட்டிக்கொண்டு திரிந்தது வரை நினைவிருந்தது, பெயர் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள், அதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. முதல் இரண்டு நாள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குழாயடியில் குளித்தார்கள். பஸ் கண்டக்டருக்கு நிறுத்தத்தின் பெயர் வாயில் வராததால் விசில் மட்டும் நீளமாக அடித்தான், ஜனங்கள் விசிலுக்கு இறங்கக் கற்றுக்கொண்டார்கள், டிக்கெட் கேட்கும்போது ‘அங்க ஒண்ணு’ என்றார்கள். மாசி மாதத் தெப்பத் திருவிழாவில் தெப்பத்தை டிராக்டரில் ஏற்றி அம்மனை அந்தப் புல்தரையைச் சுற்றி ஓட்டினார்கள், இதுவும் நல்லாத்தான் இருக்குது, கொசுக்கடி இல்லை என்றார்கள். ஏரி இருந்தது என்று சொன்னால் கோர்ட்டை அவமதித்ததாகும் என்று யாரோ சொல்ல, அதையும் நம்பினார்கள். மனைகள் விற்றன, வீடுகள் எழும்பின, தேசம்மாவின் பங்காளிகளில் ஒருவனே தவணையில் ஒன்று வாங்கினான்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மா, கூடவே சித்தாள் வேலைக்குப் போகிறவள், ஆறுதல் சொல்ல வந்தாள். பிள்ளையே பிறக்கவில்லை என்றால் பிள்ளை சாகவும் இல்லை, சாகாத பிள்ளைக்குத் துக்கம் எதற்கு, சாமியே உன் பாரத்தை எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள் என்று நல்ல மனசோடுதான் சொன்னாள். தேசம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாளாம்.

“உசுரோட குடுன்னு நான் கேக்கலக்கா. செத்துப்போன புள்ளதான் எனக்கு வோணும். அது என்னுது.”

அந்த ஆபீஸ் மறுத்தால் பலிக்கிறது என்று நகரத்துக்கு எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது. ஆபீஸ் படிக்கட்டில் கூட்டம் தெரு வரைக்கும் நின்றது. இரண்டாவது கல்யாணத்துக்கு அவசரப்படுகிறவர்கள் முதல் கல்யாணத்தை மறுக்கச் சொன்னார்கள். தாலி கழுத்திலிருந்து கழன்றுகூட விழாமல் இல்லாமலே போயிற்று, அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்கு என்றோ சாப்பிட்ட பாயசத்தின் பசி திரும்ப வந்தது. தோல் பதனிடுகிற ஒருவர் நாற்றத்தை மறுக்கச் சொல்ல, நாற்றத்தோடு அதை மூக்கில் பிடித்த தெருவும் போய்விட்டது. கல்லூரி முதலாளி ஒருவர் இடிந்து விழுந்த கட்டடத்தை மறுத்தார். மற்ற வக்கீல்களுக்கு வயிறு எரிந்தது. அவர்களும் எல்லாவற்றையும் மறுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, என்றைக்கோ எங்கேயோ யாருடைய விலாசத்தையோ மரியாதைக்கு ஒப்புக்கொண்ட பாவம் அவர்கள் தலையில் இருந்தது. பத்திரிகைகள் சட்ட ஞானம் என்று எழுதின. இந்த ஊர் பெரிய மனிதர்களைக் கும்பிட்டே குனிந்துபோன ஊர், ஏரி போனாலும் கும்பிடும், தெரு போனாலும் இருக்கிற தெருவில் நின்று கும்பிடும். சின்ன ஐயாவுக்கு எதிலும் ஆச்சரியம் இல்லை. உலகம் கொஞ்சம் தாமதமாக வழிக்கு வந்திருக்கிறது என்பது அவர் எண்ணம்.

அப்போதுதான் ஆண்டு விழா வந்தது, நானும் வந்தேன். பதினைந்து நாள் அந்த ஆபீஸில் உட்கார்ந்து பழங்கதை கேட்டேன். அந்த நாட்களில் ஒன்றில் தேசம்மா படியேறி வந்தாள். துவைத்த புடவை, கையில் கண்ணாடி போட்ட அந்தப் போட்டோ. எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நஷ்டஈடு ஒன்றும் வேண்டாம், பிள்ளையின் பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கருமாதி செய்யவும் வழியில்லாமல் நிற்கிறேன் என்று நின்றுகொண்டே சொன்னாள். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை. சின்ன ஐயா போட்டோவை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, உன் மகன் பெயர் என்னம்மா என்று மிகவும் அன்பாகக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, திரும்பத் திரும்பத் திறந்தாள். அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பேரே சொல்ல வரல. புள்ளையாம்.”

சிரித்தார்கள். மைத்துனர் முகத்தைச் சுளித்துக்கொண்டார். தேசம்மா போட்டோவை முந்தானையால் துடைத்து இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஆபீஸின் மேலேயே கேஸ் போட நினைத்தாள், அதை எடுக்க எந்த வக்கீலும் தயாரில்லை. கோர்ட் வாசலில் மரத்தடியில் டைப் மெஷின் வைத்திருக்கும் லாசரிடம் போனாள். லாசர் தினமும் எல்லோருக்கும் அடிப்பதுபோலத்தான் அவளுக்கும் அடித்தார், வாதி இன்னார், எதிர்வாதி இன்னார், முதல் பத்தியில் எதிர்வாதி எந்தத் தெருவில் எந்தக் கதவு எண்ணில் எத்தனை வருஷமாக என்ன தொழில் செய்கிறவர் என்ற விவரம், எல்லா மனுவிலும் இருப்பது. மகனின் பெயர் வரவேண்டிய இடத்தில் மெஷின் அடிக்க மறுத்தது, வெற்றிடமாக விட்டுவிட்டார். எதிர்வாதி தன் மறுப்பைத் திரும்பப் பெற வேண்டும், அதுதான் வேண்டுதல். இந்த ஆபீஸின் மேல் நூற்றைம்பது வருஷத்தில் விழுந்த முதல் கேஸ் அது.

பதில் மனு விழா நாளன்று காலையில்தான் தயாரானது. மலரின் கடைசிப் பிழைதிருத்தத்துக்காக நான் அங்கே இருந்தேன். மேஜையெல்லாம் மாலைகளும் சால்வைகளும் கிடந்தன. மைத்துனர் மனுவை இரண்டு தரம் படித்துவிட்டு, அவருடைய வாழ்க்கையில் முதல் தடவையாக, சுளித்த முகத்தோடு வாயையும் திறந்தார்.

“அத்தான், முதல் பத்தியை மட்டும் ஒத்துக்கலாமே. அது நம்ம பேரு, நம்ம விலாசம்.”

சின்ன ஐயா பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, கோபப்படும் அளவுக்கு அவர் யாரையும் மதித்ததில்லை.

“விலாசத்தை ஒத்துக்கிட்டா அப்புறம் வாசப்படியை ஒத்துக்கணும். வாசப்படியை ஒத்துக்கிட்டா அதுல ஏறி வந்தவளை ஒத்துக்கணும். கொள்ளுத்தாத்தா ஒத்துக்கிட்டதா ஒரு காகிதம் காட்டு, நானும் ஒத்துக்கிறேன்.”

மைத்துனர் பலகையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மனுவை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார். மறுக்கிறவர்கள் நாம், மறுக்கப்படுகிறவர்கள் மற்றவர்கள் என்று நான்கு தலைமுறையாக நம்பியவர்களுக்கு, காகிதத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று எப்படித் தோன்றும்? சின்ன ஐயா கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா மனுவை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். நான் காபி குடிக்கப் பக்கத்து மெஸ்ஸுக்குப் போனேன், அதனால்தான் இதை எழுத நான் மிஞ்சியிருக்கிறேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தபோது பேப்பர் கடையும் மெஸ்ஸும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு சந்துகூட இல்லை. சத்தம் இல்லை, தூசி இல்லை. கட்சிக்காரர்கள் கையில் கட்டோடு தெருவில் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரிந்தும் யாரைப் பார்க்க வந்தோம் என்று சொல்ல வாய் வராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன ஐயாவும் மைத்துனரும் எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள். இல்லாதவர்கள் எங்கேயும் போவதில்லை. மெஸ்காரர் மத்தியானத்துக்குள் தன் பெயர்ப் பலகையைக் கொஞ்சம் நகர்த்தி மாட்டினார். விழாவுக்குப் பூ அலங்காரம் செய்த மண்டபத்தில் யாரோ ஒருவருடைய பேத்தியின் சடங்கை நடத்திக்கொண்டார்கள். வாழ்த்துரை வழங்க இருந்த பெரிய வக்கீல்கள் மறுநாளே, அப்படி ஒன்று இருந்ததாக நினைவில்லையே என்றார்கள். நினைவிருந்தது, பாவிகளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஏரி போனதற்கு ஊர் பழக மூன்று நாள் ஆயிற்று. ஆபீஸ் போனதற்கு நகரம் பழக ஒரு சாப்பாட்டு வேளை போதுமாக இருந்தது.

ஆபீஸே இருந்ததில்லை என்றால் அது எதையும் மறுத்ததும் இல்லை. அப்படியானால் அந்தக் கடைசி மறுப்பும் இல்லைதானே, ஆபீஸ் திரும்ப வரவேண்டுமே என்றும், கட்சிக்காரர்களின் விலாசத்தையும் இப்படித்தானே மறுத்தார்கள், அவர்கள் ஏன் போகவில்லை என்றும் கேட்கிற ஆள் உங்களில் ஒருவர் இருப்பார். அவர் வக்கீலுக்குப் படிக்கலாம், இடம் காலியாக இருக்கிறது.

தேசம்மா அன்றைக்குக் கோர்ட்டில்தான் இருந்தாள். எதிர்வாதியைக் கூப்பிட டவாலி வாயைத் திறந்தான், வாய் திறந்தது, பெயர் வரவில்லை. அவளுக்கு அந்த வாயைத் தெரியும், அவளே எத்தனையோ தரம் அப்படித் திறந்து நின்றவள். வெளியே வந்து பஸ் ஏறினாள். வழக்கம்போல் விசிலுக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவன் எடுத்துவிட்டு, தன்னை அறியாமல் அடித்தொண்டையிலிருந்து கத்தினான்.

“அல்லியேரி! அல்லியேரி எல்லாம் எறங்கு!”

அவள் இறங்கினாள். ஏரி இருந்தது. கரை தொட்டு இருந்தது, கம்பெனியின் வீடுகள் ஜன்னல் மட்டத்துக்கு அதற்குள் நின்றன, மொட்டை மாடிகளில் ஜனங்கள் டிவிப் பெட்டியையும் குழந்தைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், தவணையில் வாங்கிய பங்காளியும் அவர்களில் இருந்தான். தேசம்மா யாரையும் பார்க்கவில்லை. படித்துறையின் கடைசிப் படியில், தண்ணீர் காலைத் தொடும் இடத்தில் நின்றுகொண்டு இடுப்பிலிருந்து போட்டோவை எடுத்தாள். அவள் கைக்கு அடியில் தோள் இருந்தது, தோளுக்கு மேல் முகம் இருந்தது, காது மடலில் தூண்டில் முள் இருந்தது. அவள் தண்ணீரைப் பார்த்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெயர் வந்தது. குப்பம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கையில் இருந்த சட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள், ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கட்டிக்கொண்டார்கள், அன்றைக்குத்தான் செத்ததுபோல அழுதார்கள், அன்றைக்குத்தான் அவன் செத்திருந்தான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், மலர் அச்சாக இருந்த அச்சகத்தில்தான் அவளை மறுபடி பார்த்தேன், அவளே சொன்னாள். அச்சடித்துக் கட்டி வைத்திருந்த தாள்கள் எல்லாம் வெள்ளையாகிக் கிடந்தன, வழவழப்பான நல்ல தாள், அச்சகக்காரருக்கு அதை யார் ஆர்டர் கொடுத்தார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தேசம்மா கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்திருந்தாள். நான் எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். உட்கார்ந்தாள். அந்தத் தாளிலேயே அடிக்கச் சொன்னேன். வாசகம் எழுத நான் பேனாவை எடுத்து, பழக்க தோஷத்தில், ‘அன்னாரது’ என்று ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் வாணாங்க. பேர மட்டும் பெருசாப் போடுங்க.”

அந்தப் போஸ்டர் அல்லியேரியில் எல்லாச் சுவரிலும் ஒட்டப்பட்டது, தண்ணீருக்குள் நிற்கும் வீடுகளின் சுவரிலும் ஒட்டப்பட்டது. மிச்சத்தை நான் பாரிமுனைக்கு எடுத்துப் போய், பேப்பர் கடையும் மெஸ்ஸும் சேரும் இடத்தில் என் கையாலேயே ஒட்டினேன். ஒட்டிவிட்டு, இந்த வரலாற்றின் தலைப்பில் போட அந்த ஆபீஸின் பெயரை எழுதிப் பார்த்தேன். பேனா நகரவில்லை, இன்றுவரை நகரவில்லை. அந்தத் தாளில் இருக்கும் பெயரை மட்டும் எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுத முடிகிறது. தணிகைவேலு, ஏழாம் வகுப்பு, அல்லியேரி, தேசம்மாவின் மகன்.